கப்பல் ஏறுமுன் ஒரு கணக்கு

"மானம் கப்பலேறிவிட்டது" என்று நம் பாட்டிமார்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் மானத்தைத் தவிர வேறு எதுவும் நம் வீடுகளிலிருந்து அவ்வளவு சுலபமாகக் கப்பல் ஏறியதில்லை. ஏறிய மனிதர்களும் பிழைப்பைத் தேடி ஏறினார்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் நம்மவர்களைச் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்றது. அதற்குப் பிறகு வந்தது 'சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்து உயிர்ச்சேதமும் ஏற்பட்ட பின், அந்த வழிக்கே முற்றுப்புள்ளி விழுந்தது.

இன்றைய கப்பல் பிரயாணம் வேறு தினுசு. போய்ச் சேர ஊர் வேண்டுமென்பதில்லை. கப்பலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறுகிறார்கள்! மூன்று நாள் சாப்பிடுவது, தூங்குவது, கடலைப் பார்ப்பது, ஏறின இடத்திலேயே வந்து இறங்குவது. "இதற்கா இவ்வளவு பணம்?" என்று உங்கள் மாமியார் கேட்டால் அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு முறை போய் வந்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். "மூன்று நாள் நான் அடுப்பங்கரைக்குப் போகவில்லை" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பிரகாசத்துக்கு ஈடாக எந்த விளம்பரமும் இல்லை.

இந்தப் பிரகாசத்தைக் கப்பல் கம்பெனிக்காரர்களும் கவனித்து வைத்திருக்கிறார்கள். "மறுபடியும் வாருங்கள், வரவர உங்களுக்குச் சலுகைகளைக் கூட்டித் தருகிறோம்" என்று ஓர் அங்கத்தினர் அட்டையை நீட்டுகிறார்கள். அந்த அட்டையை நம்பி வீட்டுச் சேமிப்பில் கை வைக்கலாமா, கூடாதா என்பதுதான் நாம் இப்போது போட்டுப் பார்க்கப் போகும் கணக்கு.

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் குயிலாப்பாளையம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குத் திரும்பும் வழியில், செம்மண் பூமியும் முந்திரி மரங்களுமாக உள்ள ஊர். வெளிநாட்டுப் பிரயாணிகள் அந்த ஊருக்குப் புதியவர்கள் அல்ல. கடைத்தெருவில் தினமும் பார்க்கிற முகங்கள்தாம். ஆனால் 2022 ஜூனில் அந்தக் கரைக்கு வந்த விருந்தாளி கொஞ்சம் பெரிய ஆள். 'கார்டிலியா' கம்பெனியின் 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல், அந்த மாதம் 4-ஆம் தேதி சென்னையில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் துவக்கிவைத்த சேவையில் விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக் கடலுக்கு வந்தது. கப்பலில் சூதாட்டம் உண்டு, கலாசாரத்துக்கு ஒவ்வாத காரியங்கள் உண்டு என்று கரையில் ஒரே எதிர்ப்பு. கரை இறங்க அனுமதி கிடைக்கவில்லை. பிரயாணிகள் புதுச்சேரியைக் கடலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூலையில், அதே கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அனுமதி இருந்தது. பெரிய கப்பல் நெருங்கி வந்து நிற்கும் ஆழம் புதுச்சேரித் துறைமுகத்தில் இல்லாததால், கப்பல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றது. பிரயாணிகளைச் சிறிய படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. டிக்கெட்டில் அச்சடித்த ஊர் எல்லாம் நிச்சயமாகப் பார்க்கக் கிடைக்கும் ஊர் அல்ல. அரசாங்கம் தடுக்கலாம், காற்று தடுக்கலாம், அலை அதிகமாக இருந்தால் படகில் இறக்க மாலுமியே மறுக்கலாம். இப்படி ஒரு துறைமுகம் விட்டுப்போனால், கப்பல் கம்பெனிகளின் நிபந்தனைப்படி பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பி வரும். ஆகவே "இந்த ஊரைப் பார்த்தே தீர வேண்டும்" என்று ஒரே ஓர் ஊருக்காகக் கப்பல் டிக்கெட் வாங்காதீர்கள். அந்த ஊருக்குப் பஸ்ஸோ ரயிலோ விமானமோ இருக்கத்தான் இருக்கும்.

'எம்பிரஸ்' கப்பலின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அங்கத்தினர் அட்டையின் சூட்சுமம் அதிலேயே அடங்கியிருக்கிறது.

1990-இல் பிரான்ஸ் தேசத்தில் 'ராயல் கரீபியன்' என்ற அமெரிக்கக் கம்பெனிக்காக இந்தக் கப்பல் பிறந்தது. அப்போது அதன் பெயர் 'நார்டிக் எம்பிரஸ்'. 2004-இல் 'எம்பிரஸ் ஆஃப் தி ஸீஸ்' என்று பெயர் மாறியது. 2008-இல் ஸ்பெயின் தேசத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போய் வெறும் 'எம்பிரஸ்' ஆயிற்று. 2016-இல் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் பழைய பெயரை மறுபடியும் சூட்டிக்கொண்டது. 2017-இல் ராயல் கரீபியனின் முதல் கியூபா பிரயாணத்தை நடத்தியதும் இதுவே. கொரோனாக் காலத்தில் விற்கப்பட்டு, 2021 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கார்டிலியாவுக்காக ஓடத் தொடங்கியது. பெண் ஒருத்திதான், புகுந்த வீடுகள்தாம் இத்தனை!

இப்போது யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இதே கப்பலில் நீங்கள் ராயல் கரீபியன் அங்கத்தினராகப் பிரயாணம் செய்து, ஐம்பது இரவுகளைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சென்னையில் அதே கப்பலில், அதே அறையில் ஏறினாலும் அந்த ஐம்பதுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. புள்ளிகள் கப்பலுக்குச் சொந்தமல்ல, கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி இருக்கிற வரைக்கும், அது தன் மனத்தை மாற்றிக்கொள்ளாத வரைக்கும்தான் அவற்றுக்கு மதிப்பு.

"பெரிய கம்பெனிகள் எங்கே போய்விடும்?" என்று கேட்பீர்கள். போயிருக்கின்றனவே! 2011-இல் சென்னையிலிருந்து 'அமெட் மெஜஸ்டி' என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. வெகு காலம் ஓடவில்லை. 2019 ஏப்ரலில் பம்பாயில் 'ஜலேஷ்' என்ற கம்பெனி 'கர்ணிகா' என்ற கப்பலோடு வெகு ஆடம்பரமாகத் தொடங்கியது. 2020-இல் கம்பெனி கடையைக் கட்டியது. கப்பல் குஜராத்தில் அலாங் கடற்கரைக்குப் போய் உடைபட்டது. 2022-இல் 'கெண்டிங் ஹாங்காங்' என்ற பெரிய நிறுவனம் முறிந்து, அதன் 'ட்ரீம் குரூஸஸ்' கம்பெனி மூழ்கியது. அந்தக் கம்பெனியின் 'கெண்டிங் ட்ரீம்' கப்பல் மட்டும் மூழ்கவில்லை. அதே வருஷம் வேறு கம்பெனியின் பெயரில் சிங்கப்பூரிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

சரி, கம்பெனி நன்றாகவே இருக்கிறது, சலுகைதான் என்ன? ராயல் கரீபியனின் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து அதன் கப்பல்கள் புறப்படுவதால் நம்மவர்கள் நிறையப் பேர் அதில் அங்கத்தினர்கள். ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. 'ஸ்வீட்' என்று சொல்லும் பெரிய அறை எடுத்தால் இரண்டு புள்ளி. முதல் பிரயாணத்திலேயே 'கோல்டு' ஆகிவிடுவீர்கள். 30 புள்ளியில் 'பிளாட்டினம்', 55-இல் 'எமரால்டு', 80-இல் 'டைமண்டு', 175-இல் 'டைமண்டு பிளஸ்', 700-இல் 'பினாக்கிள்' என்ற சிகரம். 700 இரவு என்றால் இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. பேரப் பிள்ளைக்குக் காது குத்தி, முடி இறக்கி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரையில் கடலிலேயே இருந்துவிடலாம்!

நகைக்கடைச் சீட்டுக் கட்டிய சகோதரிகளுக்கு இந்தப் பெயர்களெல்லாம் புதிதாக இராது. தங்கம், பிளாட்டினம், மரகதம், வைரம்! ஆனால் நகைச்சீட்டின் முடிவில் கையில் ஒரு வளையலாவது மிஞ்சும். இங்கே என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

டைமண்டு அங்கத்தினருக்கு முக்கியமான சலுகை, நாள் ஒன்றுக்கு நான்கு இலவசப் பானங்கள். மதுவுக்குத்தான் என்று பயப்பட வேண்டாம். நல்ல காப்பிக்கும் பழரசத்துக்கும்கூடச் செல்லும். கணக்குக்காக, உங்கள் குடும்பம் மூன்று இரவுப் பிரயாணம் ஒன்றுக்கு எல்லாச் செலவும் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 80 புள்ளியை எட்ட 27 பிரயாணங்கள் வேண்டும். ஆக 27 லட்ச ரூபாய் செலவழித்த பிறகு, கப்பலில் இருக்கும் நாட்களில் தினம் நான்கு காப்பி! நம் ஊர் டிகிரி காப்பிக்குக்கூட யாரும் இந்த விலை கேட்டதில்லை.

இப்படிச் சொல்வதால் சலுகை அத்தனையும் பித்தலாட்டம் என்று அர்த்தமில்லை. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ பிள்ளைகளோடு இருந்துகொண்டு, எப்படியும் வருஷத்துக்கு நான்கு தடவை கப்பலேறப் போகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சலுகைகள் தாமாகவே வந்து சேரும், வரட்டும், சந்தோஷம். புள்ளிக்காகப் பிரயாணம் போகிறவர்களைத்தான் நாம் எச்சரிக்கிறோம். "இன்னும் நான்கே இரவு, எமரால்டு ஆகிவிடலாம்" என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தால், எமரால்டு ஆனால் புதிதாக என்ன கிடைக்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அநேகமாகக் காகிதம் காலியாகவே இருக்கும்.

அங்கத்தினராக இருப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. பலரும் இவற்றைக் கேட்பதே இல்லை.

ஒரே விலாசத்தில் இருக்கும் கணவனும் மனைவியும் தங்கள் கணக்கை இணைத்துக்கொள்ள ராயல் கரீபியனில் இடமுண்டு. ஆபீஸ் காரியமாகத் தனியாகப் பிரயாணம் செய்து அவர் டைமண்டு ஆகியிருந்தால், நீங்களும் டைமண்டுதான். இருவர் புள்ளியையும் கூட்டமாட்டார்கள். உயர்ந்ததை இருவருக்கும் கொடுப்பார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பெற்றோரின் அந்தஸ்து கிடைக்கும். இது தானாக நடக்காது; எழுதிக் கேட்க வேண்டும்.

தனியாகப் பிரயாணம் செய்யும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கணவரை இழந்தவர்கள், மணமாகாமல் உத்தியோகம் பார்ப்பவர்கள் இப்போது தைரியமாகப் புறப்படுகிறார்கள். ஆனால் கப்பலில் அறை வாடகை இரண்டு பேர் கணக்கில்தான் போட்டிருப்பார்கள். ஒருத்தி போனாலும் அநேகமாக இருவர் பணம். இது அநியாயமான வழக்கம் என்பது நம் அபிப்பிராயம். இந்த அநியாயத்துக்கு ராயல் கரீபியனில் ஒரு சிறு பரிகாரம் உண்டு. அப்படி இரட்டைப் பணம் கொடுப்பவருக்கு இரவுக்கு இரண்டு புள்ளி. 340 புள்ளி ஆகிவிட்டால் இரட்டைப் பணத்துக்குப் பதில் ஒன்றரைப் பங்கு கொடுத்தால் போதும். சகோதரியையோ சிநேகிதியையோ சேர்த்துக்கொண்டு போவது இதைவிடச் சுலபம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கம்பெனியில் சம்பாதித்த அந்தஸ்தை அதன் சகோதரக் கம்பெனியில் செல்லுபடியாக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்ஸீ மூன்றும் ஒரே குடும்பம்; 2024 முதல் ஒன்றில் உள்ள அந்தஸ்துக்கு ஏற்ற மரியாதை மற்றவற்றிலும் கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 'கார்னிவல்' என்ற பெரிய கம்பெனி அது வரையில் நாள் கணக்கில் புள்ளி போட்டுவந்தது. சம்பாதித்த அந்தஸ்து ஆயுள் பரியந்தம் உங்களுடையது என்று ஜனங்களும் நிம்மதியாக இருந்தார்கள். 2025-இல் அது ஓர் அறிவிப்பைப் போட்டது: இனி நாள் கணக்கு இல்லை, செலவுக் கணக்குத்தான், எவ்வளவு பணம் செலவழிக்கிறீர்களோ அவ்வளவு அந்தஸ்து, அதையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துச் சம்பாதிக்க வேண்டும்! இருபது வருஷமாகச் சிக்கனமாக உள்ளறையில் பிரயாணம் செய்து நாள் சேர்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மாமியார் சாவிக்கொத்தைத் தருகிறேன் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பூட்டையே மாற்றிய கதைதான்.

உண்மையில் ஜனங்கள் ஒரே கம்பெனிக்குத் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் புள்ளியும் அல்ல, காப்பியும் அல்ல என்று நமக்குத் தோன்றுகிறது. வீட்டில் எல்லாருக்கும் யார் காப்பிக்கு எத்தனை சர்க்கரை என்று நினைவு வைத்திருப்பவள் ஒருத்தி. அவள் காப்பிக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்க ஆளில்லை. கப்பலில் இரண்டாம் நாள் காலையில் மேஜைச் சிப்பந்தி, "அம்மா, சர்க்கரை குறைவாகத்தானே?" என்று கேட்கிறான். அவன் அதற்காகச் சம்பளம் வாங்குகிறவன்தான். இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்காக மறு வருஷமும் போக வேண்டும் போல் இருக்கிறது. இந்தச் சுகத்துக்குப் பணம் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. கொடுக்கிற பணம் எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கும் வழிகள் அட்டையில் இருப்பதைவிட ஏற்பாட்டில் அதிகம். குயிலாப்பாளையத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓய்வு பெற்ற ஆசிரியர், அவர் மனைவி, மாமியார், கல்லூரி வாசிக்கும் பெண். நான்கு பேர். சென்னையிலிருந்து புறப்பட ஆசை.

முதலில் மாதம். நம் கரையில் உல்லாசக் கப்பலுக்குக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் என்று பழகிப்போயிருக்கிறது. அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைப் புரட்டி எடுக்கும். பம்பாய், கோவாப் பக்கம் கப்பல் விடுவது கஷ்டம். அதனால் கப்பல் இந்தப் பக்கம் வருகிறது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமும் புயலும் நம் பக்கம் திரும்பும்போது அது மேற்கே போய்விடும். பள்ளிக்கூடம் திறந்த பிறகு கப்பல் வருகிறதே என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்வது நியாயந்தான். வெள்ளிக்கிழமையை ஒட்டிய குறுகிய பிரயாணங்களைப் பார்த்துவைப்பது ஒன்றுதான் வழி.

பிறகு அறை. நான்கு பேரும் ஒரே அறையில் இருக்கச் சம்மதித்தால் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் கணிசமாகக் குறையும். மாமியாருக்கு மேல் படுக்கை ஏற முடியாது என்பதை முன்னாலேயே யோசித்துக்கொள்ளுங்கள்; ஏணி வைத்த படுக்கை அது. தலை சுற்றும் சுபாவம் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. "அறை எண்ணைக் கம்பெனியே தீர்மானிக்கும்" என்று மலிவாக ஒரு டிக்கெட் விற்பார்கள். தலை சுற்றுபவர்களுக்கு அந்த மலிவு ஆகாது. வாந்திக்கான மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன்பே போட்டுக்கொள்வது நலம். எது, எவ்வளவு என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

விலையைச் சொல்லும்போது "ஆரம்ப விலை" என்று சொல்வார்கள். அந்த எண்ணை மறந்துவிட்டு, "துறைமுகக் கட்டணம், வரி, சிப்பந்திகளுக்கு இனாம் எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் இனாம் என்பது இஷ்டப்பட்டால் கொடுப்பதல்ல. ஆளுக்கு, நாளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறிவிடும். குழந்தைக்கும் உண்டு. நான்கு பேர் நான்கு நாள் போனால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு ஏஜெண்டு 'டி.சி.எஸ்.' என்று ஒரு தொகையைப் பிடிப்பார். அது போன பணமல்ல; வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம். யார் பெயரில் பிடித்தார்களோ அவர் பெயரில்தான் கேட்க முடியும். ஆகவே சீட்டு வாங்கும்போதே யோசித்துச் செய்யுங்கள்.

சிங்கப்பூரில் கப்பலேறுகிறவர்கள் விசாவில் கோட்டை விடுவார்கள். விமானத்தில் போய் இறங்குவது ஒரு நுழைவு. கப்பலில் வெளியே போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு. பல முறை நுழையும் விசா கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் கப்பல் நிற்கும் தேசத்தின் விதிகளைப் புறப்படும் மாதத்தில் மறுபடி ஒரு தடவை விசாரியுங்கள். இவை வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. பாஸ்போர்ட்டுக்குத் திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாத ஆயுள் வேண்டும்.

யாழ்ப்பாணம் பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசையாக இருந்தால், அதற்கும் வழி பிறந்திருக்கிறது. 2023 ஜூனில் 'எம்பிரஸ்' சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றையும் தொட்டு வந்தது. ஆனால் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது சில மணி நேரம். நல்லூர்க் கோவிலுக்குப் போய் ஆற அமரத் தரிசனம் செய்ய விரும்புகிறவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய சாதாரணப் பிரயாணிகள் கப்பல்தான் பொருத்தம். 2024 ஆகஸ்டு முதல் அந்த வழியில் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. அதில் புள்ளியும் இல்லை, வைரமும் இல்லை. அக்கரைக்குக் கொண்டுபோய் விடும்.

மசக்கைக்காரிகள் கவனிக்க வேண்டியது: 24-ஆவது வாரம் தொடங்கிவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றிக்கொள்ளமாட்டா. டாக்டர் சீட்டு இல்லாமல் துறைமுகத்துக்குப் போய் அழுது பயனில்லை. கைக்குழந்தைக்கு ஆறு மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும். கப்பலில் டாக்டர் இருப்பார். அவர் பில் சற்றுப் பலமாக இருக்கும். வீட்டில் வைத்திருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் அங்கே செல்லாது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் பிரயாண இன்ஷூரன்ஸ் எடுக்காமல் கிளம்பவே கூடாது. இந்த ஓர் இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

குயிலாப்பாளையத்திலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 150 கிலோமீட்டர். காரில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கூகிள் சொல்லும். துறைமுகத்துக்கு வெளியே சரக்கு லாரிகள் அணிவகுத்து நிற்பது அதற்கு எப்போதும் தெரிவதில்லை. கப்பல் யாருக்காகவும் காத்திராது. புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே ஏறும் வாசலைச் சாத்திவிடுவார்கள். முதல் நாள் ராத்திரியே சென்னையில் உறவினர் வீட்டில் போய்ப் படுத்துவிடுவது உத்தமம். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் காருக்கு மூன்று நாள் நிறுத்துக் கூலியும் மிச்சம்.

நம் ஊருக்கு வரும் கப்பல் பிரயாணிகளுக்கும் இதே நேரக் கணக்குத்தான். புதுச்சேரியில் படகில் இறங்கி, ஆரோவில்லுக்கு வந்து, மாத்ரி மந்திருக்குள் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் அன்றைக்கு நடக்காது; உள்ளே போக முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பலாம். எந்தத் துறைமுகத்திலும், கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்த உலாவில் போனால் வண்டி தாமதமானாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நீங்களாக ஆட்டோ பேசிக்கொண்டு போனால் நீங்கள்தான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

மூட்டை கட்டும்போது இஸ்திரிப் பெட்டியையும் மின்சாரக் கெட்டிலையும் வீட்டிலேயே விடுங்கள். தீ பயத்துக்காக வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த புளியோதரைக்கும் அனுமதி இராது. கடையில் ஒட்டி விற்கும் முறுக்குப் பொட்டலம் போகும். இன்ஸ்டண்ட் காப்பிப் பொடி நாலு பொட்டலம் போட்டுக்கொண்டால், பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் வெந்நீர் இலவசம். டைமண்டு ஆகாமலே தினம் நான்கு காப்பி! வெளிநாட்டுக் கப்பலாக இருந்தால், சைவச் சாப்பாடு வேண்டும் என்று சில வாரம் முன்பே எழுதிப் போட்டுவிடுங்கள்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் செல்போனை விமானத்தில் வைப்பது போல் அடக்கி வைத்துவிடுங்கள். கடலில் கப்பலின் சொந்தச் சிக்னல் ஒன்று உண்டு, அது தானாக வந்து ஒட்டிக்கொண்டால், "சாப்பிட்டாயா?" என்று பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு ஒரு புடவை விலை பில் வரும்.

கடைசி நாள், "அடுத்த பிரயாணத்துக்கு இங்கேயே முன்பணம் கட்டினால் சலுகை" என்று ஒரு மேஜை போட்டிருப்பார்கள். மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போடும் மேஜை அது. சலுகை மெய்தான். ஆனால் முன்பணம் திரும்பி வருமா, தேதியை மாற்றலாமா என்று இரண்டையும் எழுத்தில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அங்கத்தினர் எண் உங்கள் டிக்கெட்டில் ஏறியிருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் இரவுக் கணக்கு ஏறாவிட்டால் கேட்டு வாங்க, அறைச் சாவி அட்டையையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

அன்று இரவு பெரிய பெட்டிகளையெல்லாம் அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். விடியுமுன் சிப்பந்திகள் எடுத்துப்போய்க் கரையில் இறக்கிவிடுவார்கள். உற்சாகத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து வாசலில் வைத்துவிட்டு, காலையில் இராத்திரி உடுப்போடு திருதிருவென்று விழித்தவர்கள் எல்லாக் கப்பலிலும் உண்டு. மறுநாள் கட்டிக்கொள்ள ஒரு புடவையும், மாமியாருடைய மருந்துப் பையும், மூக்குக் கண்ணாடியும் கைப்பையில் இருக்கட்டும்.